தங்கச்சி ‘மனித மேம்பாடு’ படிக்கணும்னு சொல்றாங்களா? லோன்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி முழுப் பாதைக்கும் கணக்கு போடுங்க



விருத்தாசலம் பக்கம் ஒரு பையன் செராமிக் டிப்ளமோ சேர்றான்னா, அந்தப் படிப்பு எதுக்குன்னு வீட்டுல யாரும் விளக்கம் கேட்க மாட்டாங்க. ஊர்லயே செராமிக் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு, சிட்கோ எஸ்டேட்ல சூளை இருக்கு. பொம்மையிலிருந்து ஃபியூஸ் கேரியர் வரைக்கும் எங்கே செய்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். படிப்புக்கும் வேலைக்கும் நடுவுல இருக்கிற பாதை கண்ணுக்குத் தெரியுது.

அதே வீட்டுல ஒரு பொண்ணு, "நான் மனித மேம்பாடும் குடும்ப அறிவியலும் படிக்கப் போறேன்"னு சொன்னா? முதல்ல ஒரு அமைதி. அப்புறம், "அது என்ன, சமையல் படிப்பா? அதுக்கு எதுக்கு காலேஜு?" கடைசியா எல்லாரும் திரும்பிப் பார்க்கிறது, வீட்டுல மாசச் சம்பளம் வாங்குற ஒரே ஆளான உங்களைத்தான். ஏன்னா பணம் கட்டப் போறது நீங்க.

இந்தப் பதிவு அந்த அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும். இந்தப் படிப்பு என்ன, எங்கே இருக்கு, எந்தப் படி வரைக்கும் போனா வேலை கிடைக்கும், அதுவரைக்கும் எவ்வளவு செலவு, உங்க சம்பளம் அதைத் தாங்குமா? வரிசையா பார்ப்போம்.

முதல்ல, இது என்ன படிப்பு?

ஒரு மனுஷன் கருவில் இருக்கிறதிலிருந்து முதுமை வரைக்கும் உடம்பு, மனசு, பேச்சு, உறவுன்னு எப்படி வளர்றான், அந்த வளர்ச்சியில குடும்பம் என்ன செய்யுதுன்னு படிக்கிறதுதான் இது. குழந்தை வளர்ச்சி, வளரிளம் பருவம், திருமண உறவு, பெற்றோர் பயிற்சி, முதியோர் பராமரிப்பு, ஆலோசனைன்னு பாடங்கள் வரும். பியாஜே, எரிக்சன் எல்லாம் இதுல அடிப்படைப் பெயர்கள். குழந்தையைத் தனியா பார்க்காம வீடு, பள்ளி, பெற்றோரோட வேலை, சமூகம்னு அடுக்கடுக்கா வெச்சுப் பார்க்கணும்னு சொன்ன யூரி பிரான்ஃபென்பிரென்னர், அமெரிக்காவில் 1965-ல் தொடங்கின ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டத்தை உருவாக்கினவர்களில் ஒருவர். ஏழைக் குழந்தைகளுக்கான முன்பள்ளித் திட்டம் அது. நம்ம ஊர் அங்கன்வாடிக்குப் பின்னாடி இருக்கிற ஐசிடிஎஸ் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் ஆரம்பிச்சது. அதுவும் இதே துறைக்குள்ள வர்ற வேலைதான்.

தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் மனையியல், அதாவது ஹோம் சயின்ஸ் என்ற குடையின் கீழேதான் வளர்ந்தது. கோவை அவினாசிலிங்கம் இதுக்கு நல்ல உதாரணம். சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் தொடங்கின மனையியல் கல்லூரி, 1957-ல் ஆரம்பிச்சு, 1988-ல் பெண்களுக்கான நிகர்நிலைப் பல்கலைக்கழகமா ஆச்சு. அதை வளர்த்தெடுத்த ராஜம்மாள் பி. தேவதாஸ் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினவர். அங்கே இன்னைக்கும் மனித மேம்பாட்டுக்குன்னு தனித் துறை இருக்கு. வெளி மாநிலத்தில் டெல்லி லேடி இர்வின் கல்லூரி 1932 முதல் இருக்கு. பரோடா பல்கலைக்கழகத்தில் 1950-ல் மனையியலுக்குன்னு தொடங்கின புலத்துக்கு இப்போ பெயர், ‘குடும்ப மற்றும் சமுதாய அறிவியல் புலம்’.

பெயர் மாறிக்கிட்டே இருக்கிறதை கவனிச்சீங்களா? ஒரு இடத்தில் மனையியல், இன்னொரு இடத்தில் மனித மேம்பாடு, வேறொரு இடத்தில் சமுதாய அறிவியல். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பட்டத்தில் என்ன பெயர் அச்சாகி இருக்குங்கிறது முக்கியம். அதனால சேர்றதுக்கு முன்னாடியே, "டிகிரி சர்டிஃபிகேட்ல என்ன பெயர் வரும்?"னு கல்லூரியில் கேட்டு வெச்சுக்கோங்க.

வேலைக் கதவு எந்தப் படியில் திறக்குது?

இந்தப் பதிவில் ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதுதான்: இந்தத் துறையில் மூணு வருஷ பி.எஸ்சி. பாதிப் பாலம். மீதிப் பாலத்துக்கான பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடாம முதல் செமஸ்டர் ஃபீஸ் கட்டாதீங்க.

ஏன்னு பாருங்க.

- பள்ளி ஆலோசகர்: சிபிஎஸ்இ பள்ளிகளுக்கான 2018 அங்கீகார விதிகள் ஆலோசகர் வேண்டும்னு சொல்லுது. அதுக்கான தகுதிகளில் ஒண்ணா 2018 விதியில் சொல்லியிருந்தது குழந்தை மேம்பாட்டில் *முதுகலைப்* பட்டம். உளவியல்னா இளங்கலையே போதும்னு அதே விதியில் இருந்தது. நம்ம படிப்புக்கு எம்.எஸ்சி. கேட்டாங்க. விண்ணப்பிக்கும் நேரத்தில் நடப்பு விதியை ஒருமுறை பார்த்துக்கோங்க.
- கல்லூரி ஆசிரியர்: யுஜிசி நெட் தேர்வில் மனையியல் ஒரு பாடம். எம்.எஸ்சி. முடிச்சு நெட் பாஸ் பண்ணினா உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஏழாவது ஊதியக்குழுப்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். ஜேஆர்எஃப் கிடைச்சா ஆராய்ச்சி செய்யும்போதே முதல் இரண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆனா தனியார் கல்லூரிகள் எல்லாமே யுஜிசி சம்பளம் தர்றது இல்லை. இந்த எண்ணை வெச்சு மட்டும் கனவு காணாதீங்க.
- அரசு வேலை: ஐசிடிஎஸ், குழந்தைகள் பாதுகாப்பு அலகு மாதிரி இடங்கள். பணியிடம் எப்போ வரும்னு நம்ம கையில் இல்லை. தகுதியை ஒவ்வொரு அறிவிக்கையிலும் வரி வரியா படிக்கணும்.
- முன்பள்ளி, குழந்தைகள் காப்பகம்: 2017 மகப்பேறு சட்டத் திருத்தம், 50 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற நிறுவனங்களில் காப்பக வசதி வேணும்னு சொன்னது. பி.எஸ்சி.யோட நுழையக்கூடிய கதவு இதுதான். ஆனா ஆரம்பச் சம்பளம் பெருசா இருக்காது.
- தொண்டு நிறுவனம், முதியோர் பராமரிப்பு, குடும்ப ஆலோசனை: வேலை இருக்கு. ஆனா களப்பயிற்சியும் முதுகலையும் இருக்கிறவங்களைத்தான் முதல்ல எடுப்பாங்க.

இன்னொரு எச்சரிக்கை. இந்தப் பட்டம் வாங்கினா ‘கிளினிகல் சைக்காலஜிஸ்ட்’ ஆகிட முடியாது. அதுக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியர் வேலைக்கும் இந்திய மறுவாழ்வு மன்றம், அதாவது ஆர்சிஐ அங்கீகரிச்ச தனிப் படிப்பும் பதிவும் வேணும். அட்மிஷன் ஏஜென்ட் யாராவது, "இதைப் படிச்சா நேரா கிளினிக் வைக்கலாம்"னு சொன்னா, எழுந்து வந்துடுங்க.

இப்போ கணக்கு: மங்கலம்பேட்டையில் ஒரு வீடு

இது உதாரணக் கணக்கு. எண்களை உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

விருத்தாசலம்–உளுந்தூர்பேட்டை ரோட்டில் இருக்கிற மங்கலம்பேட்டையில் ஒரு குடும்பம்னு வெச்சுப்போம். அப்பாவுக்கு செராமிக் பட்டறையில் வேலை. அண்ணன் சென்னையில், கைக்கு வர்ற சம்பளம் 32,000. தங்கச்சி அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடிச்சிருக்காங்க.

அண்ணனோட மாச வரவு செலவு:

- வாடகை, சாப்பாடு, போக்குவரத்து: 13,000
- வீட்டுக்கு அனுப்புறது: 8,000
- பைக் இ.எம்.ஐ.: 3,000
- எஸ்ஐபி: 3,000
- கையில் மிச்சம்: 5,000

இந்த 5,000-தான் நம்ம முழு ஆயுதம். இதை வெச்சு இரண்டு வழிகளைப் பார்ப்போம்.

வழி 1: முதல் நாளிலிருந்தே வெளியூர், ஹாஸ்டல்

ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், பயணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1,20,000. பி.எஸ்சி. மூணு வருஷம், எம்.எஸ்சி. இரண்டு வருஷம். மொத்தம் 6 லட்சம், எல்லாமே கல்விக் கடன், வட்டி 10 சதவீதம்னு எடுத்துப்போம். (4 லட்சம் வரை வங்கிகள் பொதுவா உங்க பங்குப் பணம் கேட்கிறதில்லை. 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் பொதுவா இல்லை.)

கல்விக் கடன்ல படிக்கும் காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் இ.எம்.ஐ. கட்ட வேண்டியதில்லை. ஆனா வட்டி தூங்காது. சாதா வட்டியா ஏறிக்கிட்டே இருக்கும். ஆறு வருஷத்தில் அது 2,40,000 ஆகிடும்.

- வட்டியைத் தொடாம விட்டா: கடன் 8.4 லட்சமா நிக்கும். 10 வருஷ இ.எம்.ஐ. சுமார் 11,100. மொத்தம் கட்டுறது ஏறக்குறைய 13.3 லட்சம்.
- படிக்கும்போதே வட்டியைக் கட்டிட்டா: கடன் 6 லட்சத்திலேயே நிக்கும். இ.எம்.ஐ. சுமார் 7,930. ஏற்கெனவே கட்டின வட்டியையும் சேர்த்தா மொத்தம் 11.9 லட்சம்.

வித்தியாசம் சுமார் 1.4 லட்சம். அந்த வட்டியைக் கட்ட முடியுமா? முதல் வருஷம் மாசம் 1,000, இரண்டாவது வருஷம் 2,000, மூணாவது 3,000, நாலாவது 4,000, அஞ்சாவதும் ஆறாவதும் 5,000. அண்ணன்கிட்ட இருக்கிற மிச்சத்துக்குள்ள அடங்குது, ஆனா விளிம்பு வரைக்கும்.

இங்கே புதுமைப் பெண் திட்டம் கை கொடுக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்ச மாணவிகளுக்கு, பட்டப்படிப்பு முடியும் வரை மாசம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் ஆரம்பிச்ச திட்டம். பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படிச்சவங்களுக்கும் விரிவாக்கினாங்க. நீங்க சேரப் போற கல்லூரி அதுக்குள்ள வருதான்னு அலுவலகத்தில் கேட்டுக்கோங்க. அந்த ஆயிரத்தை செல்போன் ரீசார்ஜுக்கு விடாம வட்டிக்குத் திருப்பினா, முதல் வருஷ வட்டி முழுசா தீர்ந்துடுது. மூணு வருஷத்தில் 36,000 ரூபாய்.

பாதியில் நின்னா என்ன ஆகும்?

பி.எஸ்சி.யோட நிறுத்திட்டாங்கன்னு வைங்க. கடன் 3.6 லட்சம், வட்டியை ஒழுங்கா கட்டியிருந்தா இ.எம்.ஐ. சுமார் 4,760. முழுப் பாதைக்கு 7,930. வித்தியாசம் மாசம் 3,170. அந்த 3,170 ரூபாய்க்குத்தான் மேலே பார்த்த கதவுகளில் பாதிக்கு மேல திறக்குது. அதாவது இந்தப் படிப்பில் அதிக செலவு வைக்கிறது எம்.எஸ்சி. இல்லை, பணம் இல்லாம பி.எஸ்சி.யோட நிக்கிறதுதான். கடன் இருக்கும், கதவு இருக்காது.

வழி 2: முதல் மூணு வருஷம் வீட்டிலிருந்து

பி.எஸ்சி.யை பஸ்ஸில் போய்வர்ற தூரத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் முடிக்கிறாங்க. பஸ், புத்தகம், ஃபீஸ் எல்லாம் சேர்த்து வருஷம் 40,000னு வைங்க. மாசம் சுமார் 3,330. புதுமைப் பெண் தொகை போக அண்ணன் தர்றது 2,330. கடனே இல்லை.

அப்புறம் எம்.எஸ்சி.க்கு மட்டும் கோவையோ சென்னையோ போறாங்க. கடன் 2.4 லட்சம். வட்டியை அப்பப்போ கட்டிட்டா இ.எம்.ஐ. வெறும் 3,170. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசத்திலேயே தங்கச்சியே கட்டிடலாம்.

ஆனா இதுல ஒரு நிபந்தனை இருக்கு. எல்லா இளங்கலைப் பாடமும் எம்.எஸ்சி. மனித மேம்பாட்டுக்குத் தகுதி ஆகாது. சில இடங்களில் மனையியல் கேட்பாங்க, சில இடங்களில் உளவியல், ஊட்டச்சத்து, சமூகப்பணி மாதிரி பாடங்களையும் ஏத்துப்பாங்க. அதனால தலைகீழா வாங்க: முதல்ல போகப் போற எம்.எஸ்சி.யைத் தேர்ந்தெடுங்க, அதோட தகுதி விதியை எழுதி வெச்சுக்கோங்க, அதுக்குப் பொருந்துற பி.எஸ்சி.யைப் பக்கத்துல தேடுங்க.

ஒரு எளிய அளவுகோல்

படிச்சவங்களோட ஆரம்பச் சம்பளத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேல இ.எம்.ஐ. போகக் கூடாது. 7,930 கட்டணும்னா சம்பளம் குறைஞ்சது 24,000 வேணும். 18,000-ல் வேலை கிடைச்சா அது சம்பளத்தில் 44 சதவீதம். வட்டியைக் கட்டாம விட்டு 11,100 ஆக்கினா 62 சதவீதம், அப்புறம் சாப்பிட என்ன இருக்கும்? அந்த மாதிரி நிலை வந்தா கடனை 15 வருஷமா நீட்டிக்கலாம். 6 லட்சத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 6,450 ஆகும். ஆனா கூடுதலா இரண்டு லட்சத்துக்கு மேல கட்டணும்.

நீங்க கையெழுத்து போடும்போது உங்களுக்கு என்ன ஆகும்?

இதைப் பத்தி வீட்டுல யாருமே பேச மாட்டாங்க. நாம பேசுவோம்.

1. சிபில்: நீங்க இணைக் கடன்தாரர்னா அந்தக் கடன் உங்க ரிப்போர்ட்டிலும் வரும். தங்கச்சி ஒரு இ.எம்.ஐ. தவறினா அடி உங்களுக்கும்தான். நாளைக்கு உங்க வீட்டுக் கடன் தகுதியும் குறையலாம். வங்கி ஒத்துக்கிட்டா அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரரா இருக்கட்டும். வட்டியை நீங்க கட்டுங்க.

2. வரிச் சலுகை: "கல்விக் கடன் வட்டிக்கு 80ஈ இருக்கே"னு நினைக்காதீங்க. சொந்தப் படிப்பு, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவர், இவங்க படிப்புக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. தம்பி, தங்கச்சிக்குக் கிடையாது. அதுவும் பழைய வரி முறையில் மட்டும். மாசம் 32,000 வாங்குறவருக்குப் புது முறையில் வரியே வராது. அதனால வரியை வெச்சு இந்த முடிவை எடுக்காதீங்க.

3. வட்டி மானியம்: 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைச்ச பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்தா, 10 லட்சம் வரையிலான கடனுக்கு இ.எம்.ஐ. தொடங்காத காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனா தரவரிசையில் இருக்கிற குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். அரசு நிறுவனங்களுக்கும் தொழிற்படிப்புகளுக்கும் முன்னுரிமை. விண்ணப்பிங்க, கிடைச்சா லாபம். பட்ஜெட்டில் மட்டும் இப்பவே சேர்த்துடாதீங்க.

4. டேர்ம் இன்ஷூரன்ஸ்: வட்டியைக் கட்டுறது நீங்கன்னா, உங்களுக்கு ஏதாவது ஆனா அந்தப் படிப்பும் நின்னுடும். கடன் தொகையையும் வீட்டுச் செலவையும் சேர்த்து மூடுற அளவுக்கு ஒரு டேர்ம் பாலிசி எடுத்துட்டு, அப்புறம் கையெழுத்து போடுங்க.

5. எஸ்ஐபி-யை நிறுத்தாதீங்க: ஆறு வருஷத்தில் உங்க சம்பளமும் ஏறும். ஏறுற பணத்தில் ஒரு பங்கை வட்டிக்கு ஒதுக்குங்க. 3,000 எஸ்ஐபி அப்படியே ஓடட்டும்.

இந்தப் படிப்பிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கு

குடும்பவியலில் ஈவ்லின் டுவால்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர், குடும்ப வாழ்க்கையை எட்டுக் கட்டமா பிரிச்சாங்க. புதுசா கல்யாணம் ஆன ஜோடி, கைக்குழந்தை இருக்கிற வீடு, பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற வீடு, பிள்ளைகள் வெளியே போற காலம், முதுமைன்னு அது போகும். ஒவ்வொரு கட்டத்திலும் குடும்பத்தோட தேவை மாறும், கூடவே பணத் தேவையும் மாறும்.

நம்ம உதாரண அண்ணனுக்கு இப்போ 25 வயசுன்னா, தங்கச்சி எம்.எஸ்சி. முடிக்கும்போது 30. இரண்டாவது வழியில் போனா இ.எம்.ஐ. ஆரம்பிக்கும்போது 31. அவரோட சொந்தக் கல்யாணமும் கைக்குழந்தையும் சரியா அந்த நேரத்தில்தான் வரும். அதனாலதான் அந்த இ.எம்.ஐ. தங்கச்சியோட சம்பளத்தில் அடங்குற அளவுக்கு இருக்கணும்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன். அடங்கலைன்னா கடைசியில் மனஸ்தாபம் வர்றது வங்கிக்கும் உங்களுக்கும் நடுவுல இல்லை, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல.

நீங்களே படிக்கணும்னு ஆசையா?

வேலையை விடாம இக்னோ வழியா படிக்கலாம். முன்பருவக் கல்விக்கு ஒரு டிப்ளமோ இருக்கு, பிளஸ் டூ போதும். ஆலோசனை மற்றும் குடும்ப சிகிச்சையில் எம்.எஸ்சி.யும் இருக்கு. சேர்க்கை அந்தப் பருவத்தில் திறந்திருக்கா, களப்பயிற்சிக்கு லீவு கிடைக்குமான்னு மட்டும் முன்னாடியே பார்த்துக்கோங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

- தங்கச்சிகிட்ட, "இதை முடிச்சிட்டு என்ன வேலை பார்க்கணும்னு நினைக்கிறே?"னு கேளுங்க. ‘சமையல் படிப்பு’ங்கிற பேச்சை வீட்டுல நீங்களே நிறுத்துங்க.
- அந்த வேலைக்குக் கேட்கிற தகுதியை எழுதுங்க. அது பி.எஸ்சி.யா, எம்.எஸ்சி.யா, அதுக்கு மேலயா?
- அந்தப் படி வரைக்கும் ஆகும் மொத்தச் செலவை ஒரே தாளில் போடுங்க.
- உங்க மாச மிச்சத்தில் வட்டி அடங்குதான்னு பாருங்க. அடங்கலைன்னா வழி 2.
- வட்டியை யார் கட்டுறது, இ.எம்.ஐ.யை யார் கட்டுறதுன்னு அப்பா, அம்மா, தங்கச்சி எல்லாரும் இருக்கும்போதே பேசி முடிவு பண்ணுங்க.

கணக்கு சரியா வந்தா தைரியமா அனுப்பி வைங்க. குழந்தைகளையும் முதியவங்களையும் பார்த்துக்கத் தெரிஞ்ச, அதை முறையா படிச்ச ஆளுங்க நம்ம ஊருக்குத் தேவை.

உங்க வீட்டுல இப்படி ஒரு முடிவு காத்திருக்கா? செலவு எவ்வளவு, உங்க மாச மிச்சம் எவ்வளவுன்னு கமெண்ட்ல எழுதுங்க, நம்ம சேனல்ல அடுத்த வீடியோவில் சில கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம். தங்கச்சி பிளஸ் டூ படிக்கிற நண்பருக்கு இந்தப் பதிவை இப்பவே அனுப்பிடுங்க.